ஒரு மணி நேரத்தில் ஒரு ஸ்பீக்கர்: வடிவமைப்புச் சவால் என்றால் என்ன?

காலக்கெடு வைத்து நடத்தப்படும் வடிவமைப்புச் சவாலின் விதி மிக எளியது. ஒரு பொருளின் பெயரும் அதில் உள்ள ஒரு குறையும் கொடுக்கப்படும். ஒரு மணி நேரமோ, ஒரு நாளோ, ஒரு வாரமோ கெடுவாக வைக்கப்படும். அந்தக் கெடு முடிவதற்குள் குறையைத் தீர்க்கும் யோசனை ஒன்றைக் காகிதத்தில் வரைந்து, பார்ப்பவர் வரைந்தவரிடம் எதுவும் கேட்காமலே புரிந்துகொள்ளும்படி வைத்துவிட வேண்டும். வேலை செய்யும் பொருளை யாரும் கேட்பதில்லை. கேட்கப்படுவது, அந்தப் பொருள் ஏன் இப்போது இருப்பதைவிட வேறு மாதிரி இருக்க வேண்டும் என்பதற்கான காரணமும், அந்தக் காரணத்தோடு ஒட்டிய ஒரு வடிவமும்தான்.

இந்தப் பழக்கம் புதியதன்று. பாரிஸ் நகரின் எகோல் தே போசார் கலைப்பள்ளியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலை மாணவர்களின் வரைபடங்களைச் சேகரிக்கக் கெடு நேரத்தில் ஒரு கைவண்டி வரும். அந்த வண்டிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கிய ‘ஷாரெட்’ என்ற பெயரே பின்னாளில் கெடுவுக்குள் முடிக்கும் தீவிர வடிவமைப்பு வேலைக்கும் பெயராகிவிட்டது. 1999ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஐந்து நாட்கள் கொடுத்து, கடைகளில் பொருள் வாங்கப் பயன்படும் தள்ளுவண்டியை மறுபடி வடிவமைக்கச் சொல்லி, நடந்ததைப் படம்பிடித்து ஒளிபரப்பியது. ஒரு மணி நேரச் சவால் இவற்றின் சுருங்கிய வடிவம். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு சவாலை, ‘இப்போதுள்ளவற்றைவிட நல்ல கணினி ஸ்பீக்கர்களை வடிவமைக்கவும்’ என்ற ஒரு வரிக் கேள்வியை எடுத்துக்கொண்டு, முதன்முறையாக முயல்பவருக்கு அதை எப்படி அணுகலாம் என்று விளக்குகிறது.

ஸ்பீக்கர் இந்த வேலைக்கு நல்ல பாடம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. நாற்காலியையோ மின்விளக்கையோ வரைபவர் மனம் போன போக்கில் வரையலாம். பொருள் ஏறக்குறைய வேலை செய்துவிடும். ஸ்பீக்கர் அப்படி விட்டுக்கொடுக்காது, ஏனென்றால் காற்றும் அலையும் தம் கணக்கை மாற்றிக்கொள்வதில்லை. ஒரு மணி நேரத்தில் யாரும் ஒலியின் தரத்தை வடிவமைத்துவிட முடியாது. அது பல மாதங்கள் அளந்து, கேட்டு, திருத்திச் செய்ய வேண்டிய வேலை. அந்த ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடியது, ஸ்பீக்கருக்கும் மேசைக்கும் காதுக்கும் கைக்கும் இடையில் உள்ள உறவை மாற்றி வரைவது. அதற்குப் பின்னணியில் உள்ள இயற்பியலைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று காந்தத்தின் இடைவெளியில் தொங்குகிறது. அதில் பாட்டின் மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதோடு ஒட்டிய காகிதக் கூம்பும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் 1925ல் வெளியிட்ட இந்த ஏற்பாடுதான், ஒரு நூற்றாண்டு கழித்தும், மேசை மேல் நிற்கும் மலிவான ஜோடி ஸ்பீக்கர்களிலிருந்து திரையரங்கின் பெரிய பெட்டிகள் வரை பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஆகவே சவாலில் கூம்பை ஆட்டும் புதிய மோட்டாரைக் கண்டுபிடிக்க முயல்வது நேரத்தை வீணாக்குவதுதான்.

சிறிய ஸ்பீக்கருக்கு மிகப் பெரிய தடை தாழ்ந்த ஒலி, அதாவது பேச்சுவழக்கில் நாம் பாஸ் என்று சொல்வது. ஒரே அளவு சத்தம் வர வேண்டுமானால், அதிர்வெண் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, ஹெர்ட்ஸில் சொல்வது) பாதியாகக் குறையும்போதெல்லாம் கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 200 ஹெர்ட்ஸில் 0.2 மில்லிமீட்டர் ஆடும் கூம்பு, 50 ஹெர்ட்ஸில் அதே சத்தத்தைத் தர 3.2 மில்லிமீட்டர் ஆட வேண்டியிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கரின் கூம்பு பெரும்பாலும் அவ்வளவு ஆடாது, ஆடினால் கரகரக்கும். மிருதங்கத்தின் வலந்தலை தெளிவாகக் கேட்க, இடப்பக்கமான தொப்பியின் கனத்த கும்கி மட்டும் காணாமல் போவது இதனால்தான்.

பெட்டி எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கும். கூம்பு முன்னால் காற்றை அழுத்தும் அதே கணத்தில் பின்னால் காற்றைத் தளர்த்துகிறது. பெட்டி இல்லாவிட்டால் தாழ்ந்த ஒலிகளில் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்பக்க அலையைப் பெட்டிக்குள் அடைத்துவைக்கலாம், அல்லது பெட்டியில் ஒரு குழாய் வைத்து அந்த அலையையும் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டாவது வழிக்கு பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் தூராஸ் 1932ல் காப்புரிமை பெற்றார். ஸ்பீக்கரின் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தால் அது அந்த யோசனையின் வாரிசு. எந்த வழியில் போனாலும் ஒலிபெருக்கி வடிவமைப்பவர்கள் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று சொல்லும் ஒன்று குறுக்கே நிற்கும்: சிறிய பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்சாரத்தில் அதிக சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். தீப்பெட்டி அளவுள்ள பொருளை வரைந்து ‘அதிரும் பாஸ்’ என்று அம்புக்குறி போடும் படம் இந்த விதியை மீறுகிறது. விவரம் தெரிந்த நடுவர் அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நிற்க மாட்டார்.

ஆனாலும் மனித மூளை ஒரு சலுகை தருகிறது. பழைய தொலைபேசி இணைப்பு 300 ஹெர்ட்ஸ் முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. ஆணின் குரலுடைய அடிப்படை அதிர்வெண்ணோ பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அந்த அடிப்படை கம்பி வழியே வரவே இல்லை என்றாலும், அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகத்தான் கேட்டது. அடிப்படையின் மடங்குகளான மேல் அதிர்வெண்கள் கேட்டால், இல்லாத அடிப்படையை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. சிறிய ஸ்பீக்கர்களிலும் மடிக்கணினிகளிலும் இந்தத் தந்திரத்தை மென்பொருள் வழியாகப் பயன்படுத்துகிறார்கள். சவாலில் அதை நம்பலாம், அளவோடு.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். கணினியின் சாதாரண யூஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட், கொடுக்கும். அதுவே மேசை அருகில் உட்கார்ந்து கேட்கப் போதுமானது. கேட்பவர் ஒரு கை நீட்டும் தூரத்தில்தான் இருக்கிறார். நம் ஊர் மின்பொருள் கடைகளில் ஸ்பீக்கர் அட்டைப்பெட்டிகள் மேல் ஆயிரக்கணக்கான வாட் ‘பி.எம்.பி.ஓ.’ (உச்ச இசைத் திறன்) என்று அச்சிட்டிருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். அந்த எண்ணை அளக்கப் பொதுவான முறை எதுவுமே கிடையாது. விற்பவர் விரும்பியதைப் போட்டுக்கொண்டார். அமெரிக்காவில் இதே போன்ற மிகைக் கணக்குகளைக் கட்டுப்படுத்த 1974லேயே மத்திய வர்த்தக ஆணையம் விதி கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே படத்தின் ஓரத்தில் வாட் கணக்கு எழுதுவதால் யோசனைக்குப் பலம் எதுவும் சேராது.

இப்போது மேசைக்கு வருவோம். கணினி ஸ்பீக்கரை வீட்டின் கூடத்தில் வைக்கும் ஸ்பீக்கரிலிருந்து பிரிப்பது அளவு அன்று, மேசைதான். ஸ்பீக்கரிலிருந்து புறப்படும் ஒலி நேராகக் காதுக்கு வருகிறது. அதே ஒலி மேசைப் பலகையில் பட்டுத் தெறித்துச் சற்றுத் தாமதமாகவும் வருகிறது. ஒரு வழக்கமான அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கரின் கூம்பு மேசைக்கு மேல் 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, காது 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் இடையே கிடைத்தளத் தூரம் 60 சென்டிமீட்டர். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் நேர்ப்பாதை சுமார் 66 சென்டிமீட்டர், தெறித்து வரும் பாதை சுமார் 79 சென்டிமீட்டர். வித்தியாசம் 13 சென்டிமீட்டர். இந்த வித்தியாசம் எந்த ஒலியின் அலைநீளத்தில் சரிபாதியாக இருக்கிறதோ அந்த ஒலியில், நேர் அலை மேடாக வரும்போது தெறித்த அலை பள்ளமாக வந்து சேரும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொண்டால், அது சுமார் 1300 ஹெர்ட்ஸில் நிகழ்கிறது. பேச்சின் தெளிவு பெரிதும் தங்கியிருக்கும் வட்டாரம் அதுதான். அதன் இரு மடங்கில், 2600 ஹெர்ட்ஸை ஒட்டி, இரண்டு அலைகளும் கைகோத்து ஒலியைத் தூக்கிவிடுகின்றன. அதற்கும் மேலே மறுபடி பள்ளம், மறுபடி மேடு என்று சீப்பின் பற்கள் போல இது தொடர்கிறது.

விலை உயர்ந்த ஸ்பீக்கரை வாங்கி மேசையில் நிறுத்தியவர்கள் ‘கடையில் கேட்ட மாதிரி இல்லையே’ என்று வருந்துவதற்கு இது ஒரு பெரிய காரணம். இதை இயற்பியலாகத் தெரிந்துகொண்டவருக்கு இங்கே ஒரு வடிவமைப்பு வாய்ப்பு திறக்கிறது. கூம்பைத் தாழ்த்தி, மேசைக்கு மேல் வெறும் 3 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பாதைகளின் வித்தியாசம் 3.3 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது; முதல் பள்ளம் 5000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே போய்விடுகிறது, பேச்சின் முக்கியப் பகுதி தப்பிக்கிறது. ஸ்பீக்கரைக் காதின் உயரத்துக்குத் தூக்கி வைப்பதுதான் எப்போதும் நல்லது என்ற பொதுவான நம்பிக்கைக்கு இது மாறாக இருக்கிறது. 12 சென்டிமீட்டரிலிருந்து 25 சென்டிமீட்டருக்குத் தூக்கினால் அந்தப் பள்ளம் மறைவதில்லை. ஏறக்குறைய 640 ஹெர்ட்ஸுக்கு இறங்கி வருகிறது, அவ்வளவே.

தாழ்த்தினால் மட்டும் போதாது, சாய்க்கவும் வேண்டும். ஓர் ஒலியின் அலைநீளம் கூம்பின் விட்டத்தைவிடச் சிறியதாகும்போது, அந்த ஒலி பரந்து விரியாமல் டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகத் தொடங்குகிறது. 7.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள கூம்பில் இந்த மாற்றம் 4500 ஹெர்ட்ஸை ஒட்டி நடக்கிறது. கூம்பு மேசைக்கு இணையாக நேரே பார்த்தால், உயர்ந்த ஒலிகளின் நடுத் தாரை நம் மார்பை நோக்கித்தான் வரும்; காதுக்கு ஓரத்து ஒலிதான் கிடைக்கும். மேலே சொன்ன 3 சென்டிமீட்டர் அமைப்பில் கூம்பு காதை நேராகப் பார்க்க, அதைச் சுமார் 32 டிகிரி பின்னால் சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்க்கும்போது மேசையை நோக்கிப் போகும் ஒலியும் ஓரளவு குறைகிறது. ஒரு மணி நேரச் சவாலில் இதற்கு மேல் நல்ல தொடக்கப் புள்ளி எனக்குத் தெரியவில்லை: மேசையோடு ஒட்டிக் கிடந்து, மேல்நோக்கிப் பார்க்கும் ஒரு சாய்ந்த ஆப்பு.

வடிவத்தின் விளிம்புகளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கூம்பிலிருந்து பெட்டியின் முகப்பில் பரவும் அலை, கூர்மையான விளிம்பை அடைந்ததும் சிதறுகிறது; அந்தச் சிதறல் நேர் ஒலியோடு கலந்து மேடு பள்ளங்களை உண்டாக்குகிறது. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் பணியாற்றிய ஹாரி ஓல்சன் பல வடிவப் பெட்டிகளை ஒப்பிட்டு அளந்து, உருண்டை வடிவமே மிகச் சீரான ஒலியைத் தருகிறது, கனசதுரம் மோசமாக நடந்துகொள்கிறது என்று காட்டினார். எனவே வளைந்த விளிம்பை வரைபவர் அழகுக்காக மட்டும் அப்படி வரைந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. உருண்டை ஸ்பீக்கர் மேசையில் உருண்டோடாமல் இருக்க என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி.

ஒலியோடு நேரடியாகச் சம்பந்தப்படாத குறைகளும் ஏராளம், அவற்றில் சில ஒலியைவிட அதிகமாக எரிச்சலூட்டுகின்றன. வால்யூம் குமிழ் பின்பக்கம் இருப்பதும், ஹெட்போன் செருகும் துளையைத் தடவித் தேட வேண்டியிருப்பதும், இரவில் கண்ணைக் குத்தும் நீல விளக்கும், ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு மூன்று வயரும் ஒரு அடாப்டரும் வேண்டியிருப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ஒன்றை மட்டும் முழுமையாகத் தீர்த்த படம், எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் படத்தைவிடப் பெரும்பாலும் வலுவாக இருக்கும்.

சப்வூஃபர் என்ற தனிப் பெட்டியை மேசைக்கு அடியில் வைக்கும் ‘2.1’ அமைப்பையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் காலடியில் வைத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் மேலே உள்ள குட்டி ஸ்பீக்கர்கள் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே போக முடியாதவையாக இருந்தால், மீதி வேலை எல்லாம் சப்வூஃபர் தலையில் விழுகிறது. அப்போது குரலின் கனமான பகுதி முழங்காலிலிருந்தும் மெல்லிய பகுதி திரையின் இரு பக்கத்திலிருந்தும் வருவது போலத் தோன்றும். இந்தப் பிரிவினையை மறைக்காமல் காட்சிக்கே வைத்த ஒரு பொருள் உண்டு. ஆப்பிளுடன் சேர்ந்து ஹார்மன் கார்டன் 2000ல் வெளியிட்ட சவுண்ட்ஸ்டிக்ஸ், ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் மெல்லிய இரண்டு குச்சிகளும் கண்ணாடிக் கும்பா போன்ற சப்வூஃபரும் கொண்டது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்திருக்கிறது. அதன் வெற்றி, உள்ளே இருப்பதைப் பார்க்கவிட்டதில் பாதி இருக்கிறது. குச்சிகளைக் காதை நோக்கிச் சாய்த்துக்கொள்ளவும் முடியும் என்பதை அழகைப் பேசுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

இனி அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது? முதல் கால் மணி நேரத்தில் பென்சிலைக் குறிப்பெழுத மட்டும் பயன்படுத்துவது நல்லது என்பது என் கருத்து. யாருடைய மேசை, எவ்வளவு ஆழம், அவர் எதைக் கேட்கிறார் என்ற மூன்றையும் ஒரு வாக்கியமாக எழுதிவிட வேண்டும். உதாரணமாக, ‘60 சென்டிமீட்டர் ஆழமுள்ள மேசையில் நாள் முழுவதும் இணையவழி வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியருக்கு, மாணவர் கேட்கும் கேள்வி தெளிவாகக் காதில் விழ வேண்டும்’ என்ற வாக்கியம் கிடைத்ததும் பாதி முடிவுகள் தாமாகவே எடுக்கப்பட்டுவிடுகின்றன. பாஸ் இங்கே முக்கியமன்று. பேச்சின் நடுப்பகுதி முக்கியம். ஆகவே மேசைத் தெறிப்புதான் எதிரி. ஆகவே தாழ்ந்து சாய்ந்த ஆப்பு வடிவம். சிறிய பெட்டி போதும், யூஎஸ்பி மின்சாரம் போதும், அடாப்டர் தேவையில்லை.

அடுத்த பத்து நிமிடத்தில் கட்டைவிரல் அளவில் எட்டோ பத்தோ படங்களை வேகமாகக் கிறுக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் நன்றாக இருக்க வேண்டியதில்லை. முதலில் தோன்றும் இரண்டு யோசனைகள் எல்லாருக்கும் தோன்றுபவை, அவற்றைக் காகிதத்தில் இறக்கிவிட்டால்தான் மூன்றாவது வரும். பிறகு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதைப் பக்கவாட்டுத் தோற்றத்தில் வரைய வேண்டும். முன்பக்கத் தோற்றத்தில் ஸ்பீக்கர் அழகாகத் தெரியும், ஆனால் எதையும் விளக்காது. மேசைக் கோடு, உட்கார்ந்திருக்கும் மனிதரின் தலை, கூம்பிலிருந்து காதுக்குப் போகும் நேர்க்கோடு, மேசையில் பட்டுத் தெறிக்கும் புள்ளிக்கோடு, சாய்வுக் கோணம் ஆகியவை பக்கவாட்டில்தான் தெரியும். கையையும் வரைய வேண்டும், ஏனென்றால் குமிழ் எவ்வளவு பெரியது, விரல் எங்கே படும் என்பதைக் கை இல்லாமல் யாரும் அளவிட முடியாது. கடைசிக் கால் மணி நேரத்தைச் சுத்தமான ஒரு தாளுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும்; புதிதாக முயல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். நிழல் தீட்டிக்கொண்டே இருந்து, அந்த வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்ற இரண்டு வரியை எழுத நேரமில்லாமல் கொடுத்துவிடுகிறார்கள்.

தோற்றம் தீர்ப்பை எவ்வளவு வளைக்கும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஸ்பீக்கர்களை ஒரே ஆட்கள் திரைக்குப் பின்னாலும் கண்ணுக்கு முன்னாலும் கேட்டார்கள். எது எந்த ஸ்பீக்கர் என்று கண்ணால் பார்த்தபோது மதிப்பெண்கள் மாறின. வரைபடத்தை வைத்து நடக்கும் சவாலில் திரையே கிடையாது, கண் மட்டும்தான். அதனால்தான் கோணத்தையும் தூரத்தையும் தாளில் எழுதச் சொல்கிறேன். அவை இருந்தால், படத்தின் அழகில் மயங்காமல் யோசனையைச் சரிபார்க்க நடுவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

வரைந்தவரும் தம் யோசனையைச் செலவில்லாமல் சரிபார்க்கலாம். மேசை மேல் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் படுக்க வைத்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, அதை ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையில் மெல்ல நகர்த்துங்கள். கண்ணாடிக்குள் கூம்பு தெரியும் இடம்தான் ஒலி தெறிக்கும் இடம். அங்கே தடிமனான போர்வை ஒன்றை நான்காக மடித்து வைத்து, பதிவுசெய்த ஒரு பேச்சைப் போர்வையோடு ஒருமுறையும் போர்வை இல்லாமல் ஒருமுறையும் கேளுங்கள். பிறகு அதே ஸ்பீக்கரின் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகத்தைச் செருகி, கூம்பு உங்கள் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்து, மூன்றாம் முறையும் கேளுங்கள்.